சிரோஸ்: ரத்தம் வரும் இடம் எது?

‘சிரோசிஸ்’ என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “கல்லீரல் சுருங்கிப் போச்சாம் சார், சிரோசிஸாம்” என்று ஆஸ்பத்திரி வாசலில் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சொல்லைச் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தாரே, அந்த ரெனே லென்னெக்தான். 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டவர், 1819-இல் அதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். நெஞ்சு நோய்களைப் பற்றிய அந்த நூலில், ஓர் அடிக்குறிப்பில், கல்லீரலுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டுப் போனார். கிரேக்க மொழியில் ‘கிர்ரோஸ்’ என்றால் பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். இறந்தவரின் கல்லீரலை அறுத்துப் பார்த்தபோது அது அந்த நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாக இருந்தது. அதனால் ‘சிரோஸ்’. ஆங்கிலத்தில் போய்ச் சிரோசிஸ் ஆயிற்று. அந்த உருண்டைகள் புதிதாக முளைத்தவை என்று அவர் நினைத்தது சரியில்லை. ஆனால் பெயர் நின்றுவிட்டது.

நான் வைத்தியம் படித்தவன் அல்ல. பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு, பிறகு அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை. பழைய பிரெஞ்சுக் காலத்துப் பதிவேட்டைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் என் மேசைக்கு வருவார்கள். அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. பாரிஸ் தேசிய நூலகம் பழைய புத்தகங்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் அதைப் புரட்டுவேன். இந்த நோயைப் பற்றித் தேடிப் படிக்கக் காரணம், என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த ஒருவர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஊருக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. லென்னெக்கின் நூல் வந்து நாலு வருடத்தில், 1823-இல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு வைத்தியப் பள்ளி ஆரம்பித்தார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான்.

கல்லீரல் கெட்டால் ஏன் ரத்த வாந்தி வருகிறது? கல்லீரல் இருப்பது வலது பக்க விலாவுக்குக் கீழே. ரத்தம் வருவது வாயால். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். இரைப்பை, குடல், மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வரும் ரத்தம் ஒரே பெரிய வாய்க்காலில் சேர்ந்து கல்லீரலுக்குள் போகிறது. அதற்குப் போர்ட்டல் நாளம் என்று பெயர். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் அந்த வாய்க்கால் போகும் வழி அடைபடுகிறது. ஏரியில் மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் சும்மா நிற்குமா? கரையில் எங்கே பலவீனமோ அங்கே கசியும், சின்னக் கால்வாயெல்லாம் பெருக்கெடுக்கும். உடம்பிலும் அப்படித்தான். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் நூல் போல இருந்த சிரைகள் மண்புழு அளவுக்குப் புடைத்துக்கொள்கின்றன. தொப்புளைச் சுற்றியும் சிலருக்குப் புடைக்கும். அதை விவரித்தவர்களில் ஒருவர் ஜான் குருவேய்யே, அவரும் பாரிஸ்காரர். இந்த அழுத்தத்துக்கு ‘இப்பெர்தான்சியோன் போர்த்தால்’ என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் கொடுத்த ஒகுஸ்தேன் ழில்பேரும் அப்படியே. இன்று அதை அளக்கிறார்கள். கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் நல்ல உடம்பில் 1 முதல் 5 மில்லிமீட்டர் பாதரசம். 10-ஐத் தொட்டால் சிரைகள் புடைக்கத் தொடங்கும். 12-க்கு மேல் போனால் அவை வெடிக்கலாம்.

இந்தப் புடைத்த சிரைகள்தான் காரணம் என்பதை ஆணியடித்தாற்போல் நிறுவியவர் சிகாகோவைச் சேர்ந்த ராபர்ட் பிரெபிள். கல்லீரல் சுருக்கத்தோடு ரத்தம் கக்கி இறந்த 60 பேரின் பிரேதப் பரிசோதனை விவரங்களைத் தொகுத்து 1900-இல் வெளியிட்டார். பத்தில் எட்டுப் பேருக்கு உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் இருந்தன. அதிலிருந்து வைத்திய உலகில் ஒரு சூத்திரம் உண்டாயிற்று: கல்லீரல் சுருக்கம், கூடவே ரத்த வாந்தி என்றால் உணவுக்குழாய்ச் சிரை. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் பத்தில் எட்டு என்றால் மீதி இரண்டு இருக்கிறதே. நான் சொல்லவந்தது அந்த இரண்டைப் பற்றி.

பிரெபிளின் கட்டுரை வருவதற்குச் சில வருடங்கள் முன்னால், 1890-களின் கடைசியில், பாரிஸ் ஒத்தெல் தியே ஆஸ்பத்திரியில் பேராசிரியர் ழார்ழ் தியேலாஃபுவா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தூலூஸில் 1839-இல் பிறந்தவர். பெரிய பேச்சாளர், நல்ல உடை, கம்பீரமான நடை. புரூஸ்த் தன் பெரிய நாவலில், பாட்டியின் மரணப் படுக்கைக்கு வரும் டாக்டராக இவரை இவருடைய சொந்தப் பெயரிலேயே நடமாட விட்டிருக்கிறார். இவருடைய தம்பி மர்செல்தான் பாரசீகத்தில் சூசா நகரத்தைத் தோண்டியவர். அங்கிருந்து போன வில்வீரர் சுவர் இன்று லூவ்ரில் இருக்கிறது. மர்செலின் மனைவி ழான் ஆண் உடை அணிந்து குதிரையேறி அவரோடு போனவர். குடும்பமே சுவாரசியமான குடும்பம், ஆனால் நாம் இரைப்பைக்குத் திரும்புவோம்.

தியேலாஃபுவா கவனித்தது இது. நோயாளி திடீரென்று லிட்டர் கணக்கில் ரத்தம் கக்குகிறார். அதற்கு முன் வயிற்று வலி இல்லை, புண் இருந்த அறிகுறி இல்லை. இரைப்பையைத் திறந்து பார்த்தால் எல்லாம் வழுவழுவென்று நன்றாக இருக்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரே ஓர் இடத்தில் மேல்தோல் சற்றே தேய்ந்து, அதன் நடுவில் ஒரு தமனியின் வாய் தெரிகிறது. அவ்வளவுதான். குண்டூசி குத்தின மாதிரி. அந்த ஓட்டை வழியாக ஓர் ஆள் உயிர் போகிறது. இதற்கு அவர் லத்தீனில் ‘எக்சுல்செரேசியோ சிம்ப்ளெக்ஸ்’ என்று பெயர் வைத்தார். சாதாரண மேற்புண் என்று பொருள். இது குடற்புண்ணின் ஆரம்பக் கட்டம் என்பது அவர் கருத்து.

அது தவறு என்று பின்னால் தெரிந்தது. அங்கே புண் முதலில் வருவதில்லை. இரைப்பைச் சுவருக்குள் நுழையும் தமனி கிளை பிரிந்து மெலிய வேண்டும். சிலருக்கு அது மெலியாமல் 1 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனோடு மேல்தோலுக்கு ஒட்டியே ஓடுகிறது. துடித்துத் துடித்து மேல்தோலைத் தேய்க்கிறது, ஒரு நாள் உடைகிறது. பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில், உணவுக்குழாய் சேரும் இடத்திலிருந்து ஆறு சென்டிமீட்டருக்குள். தியேலாஃபுவாவுக்கு முன்பே, 1884-இல், கல்லார் என்ற இன்னொரு பாரிஸ் டாக்டர் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர் என்னவோ தியேலாஃபுவாவுக்குத்தான் போயிற்று. பேச்சாளர்களுக்கு எப்போதும் அந்த வசதி உண்டு.

இது யாருக்கும் வரலாம். கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கும் வரும். அங்கேதான் சிக்கல். அவருக்கு உணவுக்குழாயில் சிரைகளும் புடைத்திருக்கும். டாக்டர் பார்ப்பார், சிரை தெரியும், “இதுதான்” என்பார். உண்மையில் ரத்தம் கொட்டுவது ஒரு சாண் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளையிலிருந்து. ரத்தம் நின்றிருக்கும் நேரத்தில் பார்த்தால் அந்தத் துளை தெரியாது. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

பார்ப்பது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். உயிரோடு இருப்பவரின் இரைப்பைக்குள் பார்க்க வைத்தியர்கள் பட்ட பாடு பெரிய கதை. 1868-இல் ஜெர்மனியில் ஃபிரைபுர்க் நகரத்தில் அடோல்ஃப் குஸ்மவுல் என்பவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்துவந்து, அவர் தொண்டையில் நேரான உலோகக் குழாயை இறக்கிப் பார்த்தார். குழாய் போயிற்று, வெளிச்சம் போதவில்லை. 1932-இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் குழாயைச் செய்தார். இரண்டு வருடத்தில் நாஜிகளிடமிருந்து தப்பிச் சிகாகோ போய்ச் சேர்ந்தார். முழுக்க வளையும் குழாய் வந்தது 1957-இல். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் மிச்சிகனில் வேலை பார்த்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி ஒளியை வளைத்துக் கொண்டுபோகும் கருவியை, நோயாளிக்குப் போடுவதற்கு முன் தானே விழுங்கிப் பார்த்தார். இன்று தெருவுக்குத் தெரு எண்டோஸ்கோப்பி இருக்கிறதே, எல்லாம் அந்தக் கண்ணாடி இழையிலிருந்து வந்தது.

பிரெபிளின் சூத்திரத்தை முதலில் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் எடி பாமர், அமெரிக்க ராணுவ டாக்டர். ரத்தம் கக்கி வந்தவர்களுக்கு, ரத்தம் நிற்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் அந்தக் கால வழக்கம். பாமர் காத்திருக்கவில்லை. வந்த உடனே பனிக்கட்டித் தண்ணீரால் இரைப்பையைக் கழுவி, குழாயை விட்டுப் பார்த்தார். இப்படி 23 வருடம், 1,400 பேர். 1969-இல் முடிவை வெளியிட்டார். கல்லீரல் சுருக்கமும் புடைத்த சிரையும் இருந்தும், ரத்தம் வேறு இடத்திலிருந்து வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. சிலருக்குக் குடற்புண், சிலருக்கு இரைப்பை அழற்சி, சிலருக்கு வாந்தி எடுத்து எடுத்து உணவுக்குழாய் கிழிந்தது. ஒருவரிடம் இரண்டு குற்றவாளிகள் இருக்கலாம். கையும் களவுமாகப் பிடித்தால் ஒழிய எவன் என்று சொல்ல முடியாது.

இதற்கிடையில் வைத்தியத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 1877-இல் ரஷ்ய ராணுவ டாக்டர் எக், போர்ட்டல் நாளத்தை நேராகப் பெரிய சிரையோடு இணைத்து, கல்லீரலைச் சுற்றி ரத்தத்தைக் கொண்டுபோக நாய்களில் முயன்றார். 1893-இல் பாவ்லவ் (அந்த மணியடிக்கும் பாவ்லவ்தான்) அப்படி இணைத்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தால் புத்தி பேதலிப்பதைக் கண்டார். வடிகட்டாத ரத்தம் மூளைக்குப் போகிறது என்று பொருள். அது தெரிந்தும் 1945-இல் நியூயார்க்கில் விப்பிள் குழுவினர் மனிதர்களுக்கு அந்த அறுவையைச் செய்யத் தொடங்கினார்கள், வேறு வழி இல்லாததால். ரத்தம் நின்றது, பலருக்குப் புத்தி கலங்கியது. 1950-இல் செங்ஸ்டாகென், பிளேக்மோர் இருவரும் ரப்பர் பலூன் வைத்த குழாயை மூக்கு வழியாக இறக்கி, ஊதி, சிரையை உள்ளிருந்து அழுத்தினார்கள். தற்காலிக அணை. வயதான நர்சுகளைக் கேட்டால் அந்தக் குழாயைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். சிரைக்குள் மருந்து ஏற்றி இறுகவைக்கும் முறை 1939-இலேயே சுவீடனில் வந்து, மறக்கப்பட்டு, 1970-களில் திரும்ப வந்தது. 1980-களில் டென்வரில் ஸ்டீக்மன், மூலத்துக்கு ரப்பர் வளையம் போடுவதைப் பார்த்து, அதையே உணவுக்குழாய்ச் சிரைக்கும் போட்டார். இன்று நடப்பது பெரும்பாலும் அதுதான்.

இதில் ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாரிஸை ஒட்டிய கிளிஷியில் போழோன் ஆஸ்பத்திரி. அங்கே திதியே லெப்ரெக். ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சு வலிக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் என்ற மலிவான மாத்திரை, போர்ட்டல் அழுத்தத்தையும் குறைக்குமா என்று பார்த்தார். 1981-இல் 74 பேரை வைத்துச் செய்த சோதனை வெளியாயிற்று. நாடித் துடிப்பு நாலில் ஒரு பங்கு குறையும் அளவுக்கு மாத்திரை. ஒரு வருடத்தில் மறுபடி ரத்தம் கக்காதவர்கள், மாத்திரை சாப்பிட்டவர்களில் 96 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 50 சதவீதம். பிறகு வந்த சோதனைகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் மாத்திரை நிலைத்துவிட்டது. கத்தியும் பலூனும் செய்ய முயன்றதில் ஒரு பகுதியைச் சில்லறைக் காசு மாத்திரை செய்தது.

ஆனால் இந்த வைத்தியங்கள் பெரும்பாலும் ஒன்றை நம்பி நிற்கின்றன: ரத்தம் வருவது அழுத்தத்தால், வரும் இடம் உணவுக்குழாய். இடம் மாறினால் வைத்தியம் மாறுகிறது.

இரைப்பையின் உள்ளேயே சிரை புடைப்பது உண்டு. டெல்லியில் டாக்டர் எஸ்.கே. சரின், போர்ட்டல் அழுத்தம் கூடிய 568 பேரைப் பல வருடம் கவனித்து 1992-இல் எழுதினார். ஐந்தில் ஒருவருக்கு இரைப்பையில் சிரை புடைத்திருந்தது. எந்த இடத்தில் என்பதை வைத்து அவர் பிரித்த நாலு வகையை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். இரைப்பையின் உச்சியில் உள்ள சிரைக்கு ரப்பர் வளையம் சரிப்படாது. சிரை பெரிது, வளையம் கழன்றால் ஆபத்து. அதற்குப் பசை. நாம் வீட்டில் உடைந்ததை ஒட்டும் உடனடிப் பசையின் இனம்தான். சிரைக்குள் ஏற்றிய நொடியில் கல்லாகிறது. ஹம்பர்க்கில் சோஹேந்திரா 1980-களில் இதைப் பரப்பினார். கழுத்துச் சிரை வழியாகக் கம்பி விட்டுக் கல்லீரலுக்குள்ளேயே ஒரு சுரங்கம் போட்டு ஸ்டென்ட் வைக்கும் ‘டிப்ஸ்’ முறை 1988-இல் ஃபிரைபுர்க்கில் முதலில் நோயாளிக்குச் செய்யப்பட்டது. வாள் விழுங்கியை அழைத்துவந்த அதே ஃபிரைபுர்க்.

இப்போது என் நண்பருக்கு வருகிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்; நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். இருபது வருடத்துக்கு மேல் சர்க்கரை. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. ஓய்வுக்குப் பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. மலம் தார் போலக் கறுப்பாகப் போயிற்று. ஹீமோகுளோபின் 6. ஸ்கேனில் கல்லீரல் சுருக்கம். சர்க்கரையாலும் கொழுப்பாலும் வருவது. ஆனால் நம் ஊரில் அதை யார் நம்புகிறார்கள்? மது மலிவான ஊர். ‘சிரோசிஸ்’ என்றாலே எல்லோரும் கையால் கிளாஸ் பிடிக்கிற மாதிரி ஜாடை காட்டுவார்கள். அவர் மனைவி என்னிடம், “இவர் தொட்டதே இல்லைன்னு எத்தனை பேருகிட்ட தம்பி சொல்றது?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அவர் போன ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். உணவுக்குழாயில் சின்னச் சிரைகள் இருந்தன, வளையம் போட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை. இரைப்பை முழுக்கச் சிவந்திருக்கிறது, அழுத்தத்தால் வந்தது என்று புரோப்ரனலாலைக் கூட்டினார்கள். கட்டிலை விட்டு எழுந்தால் தலை சுற்றி விழுகிற அளவுக்குக் கூட்டினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு பாட்டில் ரத்தம். எட்டு மாதம் இப்படி. ரத்தம் கொடுக்கப் பழைய அலுவலகப் பையன்களை நான் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போவேன். கடைசியில் ஆள் தீர்ந்து, மைத்துனர் பையன் கல்லூரியிலிருந்து கூட்டி வந்தான்.

பிறகு மகன் வேறு ஊரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். நானும் போனேன். இளவயது டாக்டர். மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தார், திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “ஐயா, சிரைய விடுங்க. இரைப்பையோட கடைசிப் பகுதியப் பாருங்க. இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் தனி ரத்தக் குழாய். இது அழுத்தத்தால வர்றது இல்ல. இதுக்கு மாத்திரை வேலை செய்யாது” என்றார்.

அதற்குத் தர்பூசணி இரைப்பை என்று பேர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1984-இல் மாண்ட்ரியால் டாக்டர்கள் அப்படித்தான் பெயர் வைத்தார்கள்: இரைப்பையின் வாசல் பக்கத்திலிருந்து சிவப்புக் கோடுகள் தர்பூசணித் தோலின் வரி போல ஓடும். 1953-லேயே ரைடர் என்பவர் விவரித்திருந்தார்; யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இந்த நோய் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் சுருக்கம் இருக்கிறது. தொல்லை என்னவென்றால், கல்லீரல் நோயாளியிடம் பல நேரம் கோடு தெரியாது. சிவப்புப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். அழுத்தத்தால் வரும் இரைப்பைச் சிவப்பும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அது பெரும்பாலும் மேல் பகுதியில், பாம்புச் சட்டை போலக் கட்டம் கட்டமாக வரும். தர்பூசணி கீழ்ப் பகுதியில். சந்தேகம் இருந்தால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

பார்வைக்கு அண்ணன் தம்பி, வைத்தியத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மேல் பகுதிச் சிவப்புக்குப் புரோப்ரனலால் கேட்கும், அடங்காவிட்டால் டிப்ஸ் கேட்கும். தர்பூசணிக்கு இரண்டும் பயனில்லை. டிப்ஸ் போட்டு அழுத்தத்தைக் குறைத்தாலும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், புத்தி கலங்குவதுதான் மிச்சம். அதற்கு ஆர்கான் வாயுவில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அந்தக் குழாய்களை மேலாகச் சுட்டுவிட வேண்டும். சில இடங்களில் ரப்பர் வளையமே போடுகிறார்கள். நண்பருக்கு நாலு தடவை சுட்டார்கள், இடையிடையே மூன்று வாரம் விட்டு. மாத்திரையைக் குறைத்தார்கள், தலைச்சுற்றல் நின்றது. இரும்புச் சத்து ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் 10-க்கு வந்து நின்றது. அதன் பிறகு ரத்தம் ஏற்ற ஆள் தேடும் வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. ஐந்து வருடம் கடற்கரைச் சாலையில் மாலை நடை வந்தார். கல்லீரல் கல்லீரல்தான், அது வேறு வழியில் அவரைக் கொண்டுபோயிற்று.

கீழே போவோம். என் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது மூலம். கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு ஆசனவாயில் ரத்தம் வந்தால் எல்லோரும் மூலம் என்பார்கள், அவரும் அப்படியே நினைப்பார். பல நேரம் மூலம்தான். ஆனால் உணவுக்குழாயில் புடைத்த மாதிரியே மலக்குடலிலும் சிரை புடைக்கலாம். மூலம் ஆசனவாயை ஒட்டி இருக்கும். சிரை அதற்கு மேலே குடலுக்குள் ஓடும். மூலம் என்று நினைத்து ஊசி போடப்போய், அறுக்கப்போய் விபரீதமானதும் உண்டு. கல்லீரல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூல வைத்தியரிடம் கல்லீரலைப் பற்றிப் பேசவே பலருக்குத் தோன்றாது.

முன்சிறுகுடலில் சிரை புடைக்கலாம். குடல் அறுவைக்குப் பிறகு வயிற்றில் வாய் வைத்திருப்பவர்களுக்கு, அந்த வாயின் ஓரத்தில் புடைக்கலாம். தோலும் குடலும் சேரும் இடம், கரையின் பலவீனமான இடம். வழக்கமான இடம் தவிர வேறெங்காவது சிரை வெடிப்பது, சிரை ரத்தப்போக்கில் நூற்றுக்கு ஐந்துக்குள்தான். இவற்றுக்குச் சூத்திரம் கிடையாது. வயிற்றை ஸ்கேன் செய்து, ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாக வடிகிறது என்று வரைபடம் போட்டுப் பார்த்து, பசையா, சுரங்கமா, சிரையைக் கம்பிச்சுருளால் அடைப்பதா என்று ஒவ்வொருவருக்கும் தனியாக முடிவெடுக்கிறார்கள். எண்டோஸ்கோப்பி எட்டாத சிறுகுடலுக்கு, 2001 வாக்கில் கேமரா மாத்திரை வந்தது. இஸ்ரேலில் கவ்ரியேல் இட்டான் வடிவமைத்தது. விழுங்கினால் போகிற வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே போகும். அதே வருடம் ஜப்பானில் யமமோட்டோ, இரண்டு பலூனை மாற்றி மாற்றி ஊதிக் குடலைக் கொசுவத்திக்கொண்டே உள்ளே போகும் குழாயை வெளியிட்டார்.

இடம் தெரிவதற்கு முன்பே செய்ய வேண்டியவையும் மாறிவிட்டன. ஒன்று, ஆன்டிபயாட்டிக். ரத்தம் கக்கி வந்த கல்லீரல் நோயாளிக்கு, ரத்தம் எங்கிருந்து வந்தாலும், முதல் நாளே அதைக் கொடுத்தால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று 1999-இல் பிரான்சிலிருந்து பெர்னார் குழுவினர் பல சோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். இன்னொன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது: ரத்தத்தை அளவோடு ஏற்றுவது. போனதையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? 2013-இல் பார்சிலோனாவில் வில்லநுவேவா குழுவினர் ரத்தம் கக்கி வந்த 921 பேரில் ஒரு பாதிக்கு ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றினார்கள், மறு பாதிக்கு 7-க்குக் கீழே போனால் மட்டும். குறைவாக ஏற்றியவர்களில் ஆறு வாரத்தில் உயிரோடு இருந்தவர்கள் 95 சதவீதம், தாராளமாக ஏற்றியவர்களில் 91. நிறைய ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் மறுபடி ஏறுகிறது. நிரம்பிய ஏரியில் மேலும் தண்ணீர் விடுவது மாதிரி.

பாரிஸில் ஓர் ஆஸ்பத்திரிக் கணக்கு ஒன்று உண்டு. சிரை வெடித்து வந்த கல்லீரல் நோயாளிகளில் அங்கேயே இறந்தவர்கள் 1980-இல் நூற்றுக்கு 42-க்கு மேல். 2000-இல் 14 அல்லது 15. இடையில் வந்தவை வளையம், மருந்து, ஆன்டிபயாட்டிக். பிரெபிளின் எட்டுப் பேருக்கான கணக்கு அது. மீதி இரண்டு பேருக்கு இதுபோல ஒரே வரியில் கணக்குச் சொல்ல முடியாது. அவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் ரத்தம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.